நெஞ்சு உயரத்தில் ஒரு புள்ளி

நெய்வேலி டவுன்ஷிப்பிலும் சரி, அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் சரி, மாப்பிள்ளை என்று ஒருவன் வந்து நின்றால் முதலில் விழும் கேள்வி ஒன்றுதான்: பர்மனென்டா, கான்ட்ராக்டா? ஊர், பேர், படிப்பு எல்லாம் அதற்கு அப்புறம். எழில்மதியின் கல்யாணத்தில் அந்தக் கேள்வியை அவளுடைய சித்தி மணமேடையிலேயே கேட்டுவிட்டாள். மாலையும் கழுத்துமாக நின்ற நெடுமாறன் சிரித்துக்கொண்டே, "கான்ட்ராக்ட்தாங்க சித்தி, சீக்கிரம் ஆயிடும்" என்றான். அந்தச் சீக்கிரம் பன்னிரண்டு வருஷம் ஆகியும் வரவில்லை.

நெடுமாறன் எலக்ட்ரீஷியன். வடலூர் சாலையில் ஒரு தனியார் இரும்பு உருக்காலை. அதன் சப்ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. குடியிருப்பது அவனுடைய அம்மா அமிர்தத்துக்கு நிலக்கரிச் சுரங்கக் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸில். அப்பா சர்வீஸில் இருக்கும்போதே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்ததால் அமிர்தத்துக்குக் கிடைத்த வேலை அது. அவர் ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஓய்வு வரும் ஜூனில். பிறகு எங்கே போவது என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. நெடுமாறன் பர்மனென்ட் ஆகிவிட்டால் பேசவே தேவையிருக்காது என்று மூன்று பேரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எழில்மதி காடாம்புலியூர்க்காரி. அப்பா பெரியண்ணனும் அம்மா வள்ளியம்மாளும் அடுத்தவர் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கிப் பொறுக்கியே இவளை எம்.இ. வரை படிக்க வைத்தார்கள். படித்தவளுக்குக் கிடைத்த வேலையை அவர்களுக்கு விளங்க வைக்க அவளால் கடைசிவரை முடியவில்லை. இந்திரா நகரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் அருண்குமார் என்பவர் சின்னதாக ஒரு கன்சல்டன்சி நடத்துகிறார். மோட்டார், மின்மாற்றி, சப்ஸ்டேஷன் என்று எதைக் கட்டுவதற்கு முன்பும், அதைச் சுற்றி மின்புலமும் காந்தப்புலமும் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது அங்கே இவளுடைய வேலை.

அந்தக் கணக்கு இப்படி. காந்தப்புலம் ஒரு அறை முழுக்கப் பரவிக் கிடக்கிறது என்றால், அந்த அறையை மொத்தமாக எடுத்துக் கணக்குப் போட யாராலும் ஆகாது. அதனால் அறையின் வெளியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சின்னக் கணக்கு. எல்லாத் துண்டையும் ஒரே அளவுக்குப் பொடியாக வெட்டினால் கம்ப்யூட்டர் படுத்துவிடும். அதனால் முதலில் பெரிது பெரிதாக வெட்டுவார்கள். விடை வந்ததும், எந்த இடத்தில் தன் விடை சரியில்லையோ அந்த இடத்தை மென்பொருளே கண்டுபிடித்து, அங்கே மட்டும் இன்னும் பொடியாக வெட்டி மறுபடி கணக்குப் போடும். நேராகப் போகிற வேலிக்குத் தள்ளித் தள்ளிக் கம்பம் நட்டுவிட்டு, வளைகிற இடத்தில் நெருக்கி நடுகிற மாதிரி. விடை அசையாமல் நிற்கும் வரை இது நடக்கும்.

எழில்மதிக்கு இந்த முறையின் மேல் ஒரு தனிப் பிரியம். தனக்கு எங்கே தெரியவில்லை என்று தானே சொல்கிற ஒரு ஜீவனை அவள் வேறு எங்கும் பார்த்ததில்லை. அவளுடைய பேராசிரியர்கள் சொன்னதில்லை. அருண்குமாரும் சொல்ல மாட்டார்.

போன வருஷம் ஆடி மாதத்தில் நெடுமாறன் பைக்கோடு விழுந்தான். குடிக்கவில்லை, குழி இல்லை, எதிரே வண்டி இல்லை. சும்மா ஓட்டிக்கொண்டிருந்தவனுக்குக் கண் இருட்டிவிட்டது. புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். இதயத்துக்குள் ஓட வேண்டிய மின்துடிப்பு பாதி வழியில் நின்று நின்று போகிறது என்றார்கள். நாற்பத்தொரு வயசு ஆளின் இடது நெஞ்சுத் தோலுக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர், "வேலை செய்யற இடத்துல பெரிய காந்தப்புலம் இருந்தா ஜாக்கிரதை" என்று சொல்லி, ஒரு வரம்பையும் எழுதிக் கொடுத்தார். அதற்கு மேல் போனால் பேஸ்மேக்கர் அந்த இரைச்சலை இதயத்தின் துடிப்பு என்று நினைத்து ஏமாந்து, தான் கொடுக்க வேண்டிய துடிப்பைக் கொடுக்காமல் சும்மா இருந்துவிடலாம். சும்மா இருந்தால் என்ன ஆகும் என்று எழில்மதி கேட்கவில்லை. பைக்கோடு விழுந்தவனை அவள் பார்த்திருக்கிறாள்.

மூன்று மாதம் வீட்டில் கிடந்தான். அந்த நேரம் பார்த்துத்தான் ஆலையில் புது உலை போடும் வேலை தொடங்கியது. புது உலைக்கு ஆள் வேண்டும் என்று, பழைய கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரை பர்மனென்ட் ஆக்குவதாக அறிவித்தார்கள். சீனியாரிட்டிப்படி நெடுமாறன் முதல் ஆள். ஆலையின் பாதுகாப்பு அதிகாரி பழனிசாமி நல்ல மனிதர். வீட்டுக்கே வந்து காபி குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"நெடுமாறா, உனக்கு நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா சப்ஸ்டேஷன்ல நீ வேலை செய்யற இடத்துல காந்தப்புலம் அந்த வரம்புக்குக் கீழ இருக்குன்னு ஒரு ரிப்போர்ட் வேணும். அது இல்லாம மெடிக்கல் ஃபிட்னஸ்ல கையெழுத்து விழாது."

"மீட்டர் வச்சு அளந்தா போதாதா சார்?"

"புது உலையே இன்னும் ஓடல. ஓடாததை எப்படிய்யா அளக்கறது? கம்ப்யூட்டர்லதான் பாக்கணும்."

இந்த வட்டாரத்தில் கம்ப்யூட்டரில் பார்க்கிற ஆபீஸ் ஒன்றுதான். அந்த ஆபீஸில் பார்க்கிற ஆளும் ஒருத்திதான். அருண்குமார் ஃபைலை நீட்டியபோது எழில்மதி, "சார், இது என் வீட்டுக்காரர் விஷயம். நான் செஞ்சா நல்லா இருக்காது" என்றாள்.

"தெரியும்மா. எங்கிட்ட வேற யாரு இருக்கா? நீ பண்ணு, நான் பாத்துக் கையெழுத்துப் போடுறேன்" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

வீட்டில் அமிர்தத்துக்கு இதைவிட நல்ல சேதி கிடையாது. அன்றைக்கு மருமகளுக்குத் தானே தட்டு வைத்து, மீன் குழம்பில் தலைத் துண்டைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"ஏன் எழிலு, கணக்கு நீதானே போடப்போற?"

"ஆமா அத்தை."

"அப்பறம் என்னா. கொஞ்சம் கொறச்சிப் போட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

"அது காய்கறிக் கணக்கு இல்ல அத்தை. அவரு உசுரு."

"அதான் சொல்றேன். வேலை இல்லாம வூட்ல கெடந்தா அவன் உசுரு இருக்குமா? மொகத்தைப் பாத்தியா நீ?"

பார்த்திருந்தாள். காலையில் மகள் இசைப்பிரியாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, ஷிப்டுக்குப் போகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறவனை அவளும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குறைத்துப் போட மாட்டாள். ஆனால் குறைவாக வர வேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை.

ஆலையிலிருந்து வரைபடம் வந்தது. அறையின் நடுவே ரியாக்டர். உலைக்குப் போகும் மின்சாரம் தாறுமாறாக எகிறாமல் பிடித்து வைக்கிற ஆள் உயரக் கம்பிச் சுருள். உள்ளே இரும்பு கிடையாது என்பதால் அதன் காந்தப்புலம் கட்டுக்குள் நிற்காமல் நாலாபக்கமும் சிந்தும். அதைத் தாண்டி ஒரு தடுப்புச் சுவர், சுவரிலிருந்து ஓர் ஆள் நுழைய இடம் விட்டு சுவிட்சுகள் அடங்கிய பேனல். தரைக்குள் ஒரு கால்வாய் வெட்டி அதில் கேபிள்கள். பேனலுக்கு முன்னால் ஒரு மனிதப் படம் போட்டு, அவன் நெஞ்சில் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். எந்த வரைபடத்திலும் இப்படித்தான். மனிதன் கையைத் தொங்கவிட்டு விறைப்பாக நின்றுகொண்டிருப்பான்.

எழில்மதி அந்தப் புள்ளியைக் கேள்வியாக வைத்தாள். இந்த மென்பொருளிடம் 'எனக்கு அறை முழுக்கத் தேவையில்லை, இந்த ஒரு புள்ளியில் விடை துல்லியமாக வேண்டும்' என்று சொல்ல வழி உண்டு. சொன்னால், அந்தப் புள்ளியின் விடையைப் பாதிக்கிற இடங்களை மட்டும் தேடித் தேடிப் பொடியாக வெட்டும். மற்ற இடங்களைப் பெரிய துண்டாகவே விட்டுவிடும். அப்படியே செய்தாள். எண் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் அசைந்து, பிறகு நின்றது. வரம்பில் பாதிதான். அவள் நம்பாமல் இன்னொரு முறை ஓட்டினாள். அதே பாதி.

ஆபீஸில் யாரும் இல்லாததால் சத்தம் போட்டு அழுதாள். நேர்மையாகப் போட்ட கணக்கே குறைவாக வந்துவிட்டது. மாமியாருக்காகப் பொய் சொல்லவும் வேண்டாம், புருஷனுக்குத் துரோகம் செய்யவும் வேண்டாம். இப்படி ஒரு அதிர்ஷ்டம் தன் வாழ்க்கையில் வந்ததில்லை என்று நினைத்தாள். அருண்குமார் கையெழுத்துப் போட, ரிப்போர்ட் போனது. திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லி ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. அமிர்தம் மெயின் பஜாரில் ஜாங்கிரி வாங்கிவந்து அந்தத் தெரு முழுக்கக் கொடுத்தார். நெடுமாறன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம், "பர்மனென்ட்டுங்க" என்றான்.

சனிக்கிழமை காலையில் அவனுடைய யூனிஃபார்மைத் தேய்க்க எடுத்தாள். மூன்று மாதமாக மடித்துக் கிடந்த காக்கிப் பேன்ட். முழங்கால் இரண்டிலும் அவளே போட்டிருந்த ஒட்டு, ஒட்டும் நைந்திருந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை அந்த இடத்தில் ஒட்டுப் போடுவது அவளுக்குப் பழக்கம். முழங்காலில் மட்டும் ஏன் என்று இதுவரை கேட்டதில்லை. துணி மட்டமானது என்று கம்பெனியைத் திட்டிக்கொண்டே தைத்திருக்கிறாள். இப்போது இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"மாமா, பேன்ட்டு ஏன் முட்டிகிட்டயே கிழியுது?"

"கிழியாம? உலை ட்ரிப் ஆவறப்பல்லாம் பேனலுக்குப் பின்னால போயி முட்டி போட்டுதான் கரன்ட்டைத் திரும்ப விடற கைப்பிடியைத் திருப்பணும். அது தரையோட தரையா இருக்குது. கவுந்து படுக்காத குறைதான்."

"ஒரு ஷிப்டுக்கு எத்தினி தடவை?"

"அது உலையைப் பொறுத்து. சில நாளு அங்கியே குந்திகினு இருக்கணும்." சொல்லிவிட்டு நிமிர்ந்தான். "ஏன்?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள்.

நின்றுகொண்டிருக்கும் மனிதனின் நெஞ்சைத்தான் அவள் கேட்டாள். மென்பொருள் அதற்குத்தான் பதில் சொன்னது; சரியான பதில். பேனலுக்குப் பின்பக்கம், முழங்கால் உயரத்தில், கேபிள் கால்வாயின் மேல் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்காததால் அங்கே துண்டுகள் பெரிது பெரிதாகக் கிடந்தன. சேர்ந்து ஓடும்வரை ஒன்றின் புலத்தை இன்னொன்று அடக்கிவைக்கும் மூன்று கேபிள்கள் விலகிப் பிரிகிற இடமே ஒரு பெரிய துண்டுக்குள் அடங்கிப்போயிருந்தது. தனக்குத் தெரியாததைத் தானே சொல்கிற ஜீவன் என்று பெருமைப்பட்டாளே, அது அவள் அக்கறை காட்டிய இடத்தில் மட்டும்தான் சந்தேகப்படும். அந்த இடத்தைக் காட்டிக் கொடுக்க வேண்டியவள் அவள். பன்னிரண்டு வருஷம் அந்த முழங்காலுக்கு ஒட்டுப் போட்டவளுக்கு அவன் எப்படி வேலை செய்கிறான் என்று தெரியாமல் போயிருக்கிறது. தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

புள்ளியை நகர்த்தினாள். பேனலுக்குப் பின்னால், முட்டி போட்டுக் குனிந்தவனின் நெஞ்சுக்கு. முதல் சுற்றில் எண் வரம்புக்குச் சற்றுக் கீழே வந்தது. சாமி என்றாள். அடுத்த சுற்றில் கால்வாய் ஓரத்துத் துண்டுகள் உடைந்தன. எண் வரம்பைத் தொட்டது. அடுத்ததில் தாண்டியது. ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது: கூர்மையான மூலை இருந்தால் அங்கே வெட்ட வெட்ட எண் பொய்யாக ஏறிக்கொண்டே போகும், நிற்கவே நிற்காது. அப்படிப் பொய் ஏற்றமாக இருக்கட்டும் என்று கால்வாயின் இரும்பு விளிம்பை வரைபடத்தில் மழுக்கிவிட்டு மறுபடி ஓட்டினாள். தன் வேலையில் தப்பு இருக்க வேண்டும் என்று ஒரு இன்ஜினியர் இப்படி வேண்டிக்கொண்டு யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எண் ஏறியது, மெல்ல ஏறியது, பிறகு நின்றுவிட்டது. வரம்புக்கு மேலே, நன்றாக மேலே, அசையாமல் நின்றது.

வீட்டுக்கு வந்து அவனிடம் முதலில் சொன்னாள். அமிர்தமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுக்கு என்னா இப்போ?" என்றான் நெடுமாறன்.

"திங்கட்கிழமை நீங்க போகக் கூடாது மாமா. நான் ரிப்போர்ட்டை மாத்தி அனுப்பணும்."

"கேட்டது அவங்க. படம் குடுத்தது அவங்க. அவங்க கேட்டதுக்கு நீ சொல்லிட்ட. முடிஞ்சிபோச்சு. நான் அப்பப்ப நெஞ்சில கைய வச்சிப் பாத்துக்கறேன், மயக்கம் வந்தா எழுந்து வந்துடறேன்."

"மயக்கம் வந்தா எப்படி எழுந்து வருவீங்க?"

பதில் இல்லாத ஆம்பிளை செய்வதை அவனும் செய்தான்; கத்தினான். "தெரு முழுக்க ஜாங்கிரி குடுத்தாச்சு மதி. எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. உனக்குப் புருஷன் வேணுமா, கணக்கு வேணுமா?"

"புருஷன் வேணும்னுதான் சொல்றேன்" என்று அவளும் கத்தினாள். அந்த வீட்டில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அமிர்தம் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார்.

மறுநாள் அருண்குமாரின் வீட்டுக்கே போய் நின்று, அவர் முகம் சுளிக்கச் சுளிக்கக் கையெழுத்து வாங்கி, திருத்திய ரிப்போர்ட்டை அனுப்பினாள். கைப்பிடியைப் பேனலின் முன்பக்கத்துக்கு மாற்றினால் இந்த ஆள் தாராளமாக அங்கே வேலை செய்யலாம் என்றும் அதிலேயே எழுதினாள். ஆலையிலிருந்து, ஒரு ஆளுக்காக ஷட்டவுன் எடுத்துப் பேனலைப் பிரிக்க முடியாது என்று பதில் வந்தது. தப்பு என்று ஒருவரையும் சொல்ல முடியாது. அவளுக்கு அதுதான் இன்னும் தாங்கவில்லை. திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நெடுமாறன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அவள் போட்டு வைத்ததைச் சாப்பிட்டான், அவள் துவைத்ததை உடுத்தினான், மகள் வழியாகக் காரியம் கேட்டான். அமிர்தம் பேசினார், பேசாமலே இருந்திருக்கலாம். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு பார்க்கத் தொடங்கினார்கள். பார்த்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் அந்தக் கேள்வியையே கேட்டார்கள்: பர்மனென்டா, கான்ட்ராக்டா?

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில், அவள் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, பழனிசாமி போன் செய்தார். கையில் இசைப்பிரியாவின் சீப்பு இருந்ததால் போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினாள். நெடுமாறன் தோட்டத்துப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மா, ஒரு சங்கடம். உங்க ரிப்போர்ட்டுல வரம்புக்கு மேலன்னு போட்டிருக்கீங்கல்ல, அது எப்படியோ பசங்க காதுக்குப் போயிடுச்சி. புதுசா எடுத்த பையன் அந்த பேனல் பக்கம் போக மாட்டேங்கறான். யாருமே போக மாட்டேங்கறாங்க. மேனேஜ்மென்ட்டுல, சரி தொலையட்டும், ஷட்டவுன் எடுத்து கைப்பிடியை முன்பக்கம் மாத்திடலாம்ங்கற அளவுக்கு வந்துட்டாங்க."

எழில்மதியின் கை சீப்போடு நின்றது. முன்பக்கம் மாற்றினால் அவன் போகலாம்.

"அதுக்கு முந்தி உங்களைக் கேட்டுடலாம்னு பாத்தேன். அந்த வரம்பு பேஸ்மேக்கர் வச்சவங்களுக்குத்தானே? மத்த ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? ஆகாதுன்னா ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. வேலை நடந்துடும். சந்தேகம்னா சொல்லுங்க, மாத்தச் சொல்லிடறேன்."

மற்றவர்களுக்கான வரம்பு இதைவிடப் பல மடங்கு மேலே. அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, அவளுக்குத் தெரியும். 'பார்க்கணும் சார்' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், கைப்பிடி முன்பக்கம் வந்துவிடும். அது பொய்கூட இல்லை, பார்ப்பதற்கு எப்போதும் ஏதாவது இருக்கும். வாயைத் திறந்தாள்.

தோட்டத்துக் கதவில் ஈரத்துணியோடு நெடுமாறன் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான் என்று முகத்திலேயே தெரிந்தது.

"மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆவாதா?" இரண்டு வாரத்துக்கு அப்புறம் அவளைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது.

"ஆவாது மாமா."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

கொஞ்ச நேரம் கையிலிருந்த துணியை முறுக்கிப் பிழிந்தான். அதில் பிழிய ஒன்றும் மிச்சமில்லை.

"அந்தப் பையன் பயந்துகினு வேலை செய்யக் கூடாது" என்றான். "அந்த வரியையும் நீயே எழுதிக் குடுத்துடு."

போனில் பழனிசாமி, "அம்மா, லைன்ல இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கேன் சார்" என்றாள் எழில்மதி. "மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. பத்து மணிக்குள்ள எழுதி அனுப்பிடறேன்."